கண்ணாடியில் என் முகம்தான் விழுகிறது!

கேள்வி: என் மகன் பெங்களூரிலிருந்து ஆக்ஸலாட்டல் என்ற, பல்லி மாதிரி இருக்கும் நீர்ப்பிராணி ஒன்றை வாங்கி வந்து கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிறான். வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்புச் செவுள், நான்கு விரல் நீளம். போனில் எடுத்தால் கண்ணாடியில் என் முகம் விழுகிறது. அது சுண்ணாம்புக் கட்டி மாதிரி தெரிகிறது. ஃபிளாஷ் போடலாமா? தட்டில் எடுத்து வைத்துப் படம் பிடிக்கலாமா?
- வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: இரண்டும் வேண்டாம் அம்மா. தருமபுரியில் முப்பது வருடம் ஸ்டுடியோ நடத்தி, காதுகுத்து முதல் கல்யாணம் வரை ஃபிளாஷ் போட்டே பழகிய கை என்னுடையது. எதிர்வீட்டுப் பையனின் ஆக்ஸலாட்டலை எடுக்கப் போனபோதும் அதே பழக்கத்தில் போட்டுவிட்டேன். பாய்ந்து போய் மண்சட்டிக்குள் புகுந்தது, ராத்திரி வரை வெளியே வரவில்லை. படத்தில் தெளிவாக விழுந்தது என் பனியன் மட்டும்தான். அதற்கு மூடிக்கொள்ள இமை கிடையாது என்று அப்புறம்தான் தெரிந்தது.

மெக்சிகோவின் சோச்சிமில்கோ ஏரிப் பகுதியைச் சேர்ந்த உயிர் அது. ஆயுள் முழுக்கத் தலைப்பிரட்டைப் பருவத்திலேயே தங்கி, வெளியே நீட்டிய செவுளோடு தண்ணீருக்குள்ளேயே வாழும். தட்டில் வைத்தால் அந்தச் செவுள் துவண்டு ஒட்டிக்கொள்ளும், மேல்தோலின் வழவழப்பும் போய்விடும். படத்துக்கு அழகே அந்தச் செவுள்தான்.

சாயங்காலம், அறை விளக்கை அணைத்துவிடுங்கள். கறுப்பு சார்ட் பேப்பரில் கேமரா அளவுக்கு ஓட்டை போட்டு, அதன் வழியே போனைக் கண்ணாடியோடு ஒட்டி, நேராகப் பிடியுங்கள். உங்கள் முகம் விழாது. சாய்த்துப் பிடித்தால் உருவம் கோணும். தொட்டிக்கு மேலே ஒரு சின்ன எல்இடி விளக்கு, அதற்கும் தண்ணீருக்கும் நடுவே வெள்ளைத்தாள். ஐந்து நிமிடம் போதும், அணைத்துவிடுங்கள்.

சுண்ணாம்புக் கட்டிக்குக் காரணம், பின்னால் இருக்கும் இருட்டைப் பார்த்து போன் வெளிச்சத்தைத் தானாகக் கூட்டிவிடுவது. திரையில் அதன் கண்ணைத் தொடுங்கள், பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள். வெள்ளை உடம்பில் அந்தக் கறுப்புக் கண் ஃபோகஸுக்கு நல்ல பிடி.

தண்ணீர் மாற்றிய அன்று எடுக்காதீர்கள், கண்ணாடியெல்லாம் குமிழி ஒட்டியிருக்கும். உங்கள் பக்கம் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்தானே? குளோரின் செவுளைப் புண்ணாக்கும், எதிர்மருந்துச் சொட்டு விட்டபிறகே ஊற்றுங்கள். ஆக்ஸலாட்டலுக்கு 16-18 டிகிரி குளிர்ச்சி வேண்டும். நம்மூர் சித்திரையில் ஐஸ் பாட்டில் மிதக்கவிடாமல் முடியாது. படம் எடுக்கும்போது மட்டும் அந்தப் பாட்டிலை வெளியே எடுங்கள்.

மகனிடம் ஒன்று கேளுங்கள்: பதிவு செய்தானா? இது, அழியும் ஆபத்தில் உள்ள உயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ள உயிர். வனவிலங்குச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு, அப்படிப்பட்டவற்றை வளர்ப்போர் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும்.

கடைசியாக, மண்புழு. இடுக்கியில் பிடித்து முன்கண்ணாடி ஓரமாக ஆட்டினால் தலையைத் தூக்கி, செவுளை விரித்துக்கொண்டு வரும். வாயைத் திறப்பதற்குள் படம் எடுத்துவிடுங்கள். திறந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் புழுவும் இருக்காது, போஸும் இருக்காது.