செக்யூரிட்டி ப்ளஸ் எழுதப்போகும் மரைக்காயர்பட்டினம் தம்பிக்கு

வ அலைக்கும் ஸலாம் தம்பி. லீவில் கீழக்கரைக்கு வந்திருக்கிறேன். கல்யாண வீடுகளுக்குப் போய்வரவே நேரம் சரியாக இருந்ததால் உனக்குப் பதில் எழுத மூன்று நாள் ஆகிவிட்டது.

ஷார்ஜா வந்து நாலு மாதம், ஹெல்ப்டெஸ்க் வேலை, பத்தாவது வரை தமிழ் வழி, பிறகு டிப்ளமோ என்று எழுதியிருந்தாய். கம்ப்யூட்டர் பாதுகாப்புக்கான செக்யூரிட்டி ப்ளஸ் சான்றிதழ் தேர்வை எழுதலாமா, இங்கிலீஷ் பயமாக இருக்கிறதே, கோச்சிங்குக்கு 2,500 திர்ஹாம் கேட்கிறார்களே கட்டலாமா என்றும் கேட்டிருந்தாய்.

எழுது. கோச்சிங்குக்குக் கட்டாதே. தேர்வுக் கட்டணமே அமெரிக்க விலையில் 400 டாலரைத் தாண்டுகிறது, அந்தக் காசை அதற்குச் சேர்த்து வை. என்ன கேட்பார்கள் என்ற பாடத்திட்டத்தை, தேர்வை நடத்தும் காம்ப்டியா நிறுவனம் இலவசமாகவே தருகிறது. முழுப் பாடத்தையும் நடத்தும் நல்ல வீடியோக்கள் யூடியூபில் காசில்லாமல் கிடைக்கின்றன. பாடத்திட்டத்தின் எண் மட்டும் எஸ்ஒய்0-701 என்று இருக்கிறதா பார். அது 2023 நவம்பரில் வந்தது. பழைய 601 தேர்வை 2024 ஜூலையோடு நிறுத்திவிட்டார்கள். ரூமில் யாராவது பழைய புத்தகத்தைப் பாதி விலைக்குத் தருவார்கள், வாங்கிவிடாதே.

தேர்வு 90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்வி. மதிப்பெண் 100இலிருந்து 900 வரை. 750 எடுத்தால் பாஸ்.

முதல் தடவை நான் 712 எடுத்து ஃபெயிலானேன். அதை உனக்கு விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீ பயப்படுகிற இடமும் அதுதான். நானும் தமிழ் வழியில் படித்தவன். இங்கிலீஷ் வரிகளை அப்படியே மனப்பாடம் செய்தேன். எந்த வரியைக் கேட்டாலும் ஒப்பிப்பேன். தேர்விலோ வரியைக் கேட்கவில்லை, ஒரு கம்பெனியில் நடந்ததைக் கதையாகச் சொல்லி, நீ என்ன செய்வாய் என்று கேட்டார்கள். நாலு விடையும் சரி போலவே தெரிந்தன.

அதற்கடுத்த லீவில் ஊருக்கு வந்தபோது, என்ன படிக்கிறாய் என்று உம்மா கேட்டார்கள். 'வாட்டரிங் ஹோல்' என்ற தாக்குதலைச் சொல்லிக் காட்ட வேண்டியதாயிற்று. ஒவ்வொரு ஆளாகத் தேடிப்போய் ஏமாற்றாமல், அவர்கள் எல்லோரும் வழக்கமாகப் போகும் ஒரு வெப்சைட்டில் வைரஸை வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள் உம்மா, என்றேன். "ஊருணியிலே நஞ்சைக் கலக்குற மாதிரியா?" என்றார்கள். ஆறு மாதமாக இங்கிலீஷில் ஒப்பித்துக்கொண்டிருந்தது அந்த நிமிடத்தில்தான் எனக்கே புரிந்தது. நம் ராம்நாட்டுக்காரனுக்கு ஊருணி என்றால் என்ன என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஆகவே தமிழில் படி, தேர்வை இங்கிலீஷில் எழுது. ஒரு தலைப்பை முடித்ததும் இரண்டு நிமிட வாய்ஸ் மெசேஜாகத் தமிழில் பேசி உன் தங்கச்சிக்கு அனுப்பு. ஷார்ஜாவில் வாட்ஸ்அப் கால் வேலை செய்யாவிட்டாலும் வாய்ஸ் மெசேஜ் போகும். அவள் "புரியலை" என்றால் உனக்கும் புரியவில்லை என்று அர்த்தம், மறுபடியும் படி.

உன் வாப்பா மண்டபத்தில் விசைப்படகில் போகிறவர் என்று எழுதியிருந்தாயே, பாதிப் பாடம் உன் வீட்டிலேயே இருக்கிறது. பாதுகாப்பு ஏற்பாடுகளை ஆறு வகையாகப் பிரிப்பார்கள், எல்லோரும் குழம்பும் பகுதி அது. பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியதும் மீன்வளத்துறை 'கடலுக்குப் போகாதீர்கள்' என்று அறிவிக்கிறதே, அது டைரக்டிவ். அறிவிப்போடு விடாமல், கடலுக்குப் போக அனுமதிக்கும் டோக்கன் கொடுப்பதையே நிறுத்தினால் அது ப்ரிவென்டிவ். புயலுக்குப் பின் தரைதட்டிய படகை மீட்டுப் பழுது பார்ப்பது கரெக்டிவ். கடைவாசலில் 'கேமரா இயங்குகிறது' என்று எழுதிய போர்டு டிடெரன்ட், அந்தக் கேமராவின் பதிவைப் பார்த்துத் திருடனைக் கண்டுபிடித்தால் டிடெக்டிவ். செய்ய வேண்டிய ஏற்பாட்டைச் செய்ய முடியாதபோது அதற்கு ஈடாக வேறொன்றைச் செய்தால் காம்பன்சேட்டிங். பள்ளிவாசல் உண்டியலுக்கு இரண்டு பூட்டு, இரண்டு பேரிடம் சாவி என்று வைத்திருந்தால் அதற்கும் இந்தத் துறையில் ஒரு பெயர் உண்டு, டூயல் கன்ட்ரோல்.

ஆர்டிஓ (ரெக்கவரி டைம் அப்ஜெக்டிவ்), ஆர்பிஓ (ரெக்கவரி பாயின்ட் அப்ஜெக்டிவ்) என்று இரண்டு சுருக்கப்பெயர்கள் வரும். ஆர்டிஓ என்பது நின்றுபோனதை எவ்வளவு காலத்துக்குள் மறுபடி ஓட வைக்க வேண்டும் என்ற கெடு. நம் பாம்பன் பாலத்தை வைத்தே பார். 1964 டிசம்பர் புயலில் பாம்பன் ரயில் பாலம் சிதைந்தது. சரிசெய்ய ரயில்வே முதலில் குறித்த கெடு ஆறு மாதம், பிறகு அதை மூன்று மாதமாகக் குறைத்தார்கள். பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளிலேயே முடித்துவிட்டார்கள். இதில் முன்கூட்டிக் குறித்த அந்தக் கெடு இருக்கிறதே, அதுதான் ஆர்டிஓ. 46 நாள் என்பது உண்மையில் ஆன காலம், அது ஆர்டிஓ இல்லை. இந்த இடத்தில்தான் மடக்குவார்கள். ஆர்பிஓ வேறு. கம்ப்யூட்டர் விழுந்தால் எத்தனை மணி நேரத்துக் கணக்கு தொலைந்தால் தாங்கும் என்பது. நாலு மணி நேரம்தான் தாங்கும் என்றால் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது பேக்கப் எடுக்க வேண்டும்.

இன்னொன்று, கேள்வியில் 'ஃபர்ஸ்ட்', 'பெஸ்ட்', 'மோஸ்ட் லைக்லி' என்ற சொல் எங்கே இருக்கிறது என்று முதலில் தேடு. ஒரு கம்ப்யூட்டரில் ஃபைல்கள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டே போகின்றன, முதலில் என்ன செய்வாய்? பேக்கப்பிலிருந்து மீட்பது, ஃபார்மட் செய்வது, போலீசுக்குச் சொல்வது எல்லாம் சரியான வேலைகள்தான். ஆனால் முதலில் அந்தக் கம்ப்யூட்டரை நெட்வொர்க்கிலிருந்து பிரி. நடுக்கடலில் படகில் ஓட்டை விழுந்தால் முதலில் அடைப்பார்கள், யார் கவனிக்கவில்லை என்ற பேச்சு கரைக்கு வந்தபிறகுதான்.

எத்தனை நாள் என்று கேட்டால் நம் மீன்பிடித் தடைக்காலத்தைக் கணக்காக வைத்துக்கொள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகைக் கட்டிப்போட்டு வலையும் இன்ஜினும் சரிபார்ப்பார்களே, அந்த அளவு போதும். அதிகாலை சுபுஹு தொழுததும் ஒன்றரை மணி நேரம் படி. கட்டிலுக்கு மட்டும் வாடகை கொடுத்துப் பல பேர் தங்கும் பெட்ஸ்பேஸில் அந்த நேரம்தான் அமைதி. பாடம் ஐந்து பகுதி. செக்யூரிட்டி ஆபரேஷன்ஸுக்கு 28 சதவீதம், அதில் அதிக நாள் செலவிடு. கடைசிப் பகுதி நிர்வாகம், கொள்கை, ரிஸ்க் என்று வறட்சியாக இருக்கும், அதைப் பசங்கள் தள்ளிவிடுவார்கள். நானும் தள்ளினேன். அதற்கு 20 சதவீதம். என் 38 மார்க் அங்கேதான் போயிருக்கும் என்று இன்றும் நம்புகிறேன். ஃபெயிலானால் தரும் தாளில் எந்தெந்தத் தலைப்பில் தவறவிட்டோம் என்று இருக்கும், என் தாளில் பெரும்பாலும் அந்தப் பகுதிதான் இருந்தது.

தேர்வு தொடங்கியதும், விடையை மவுஸால் இழுத்து இடத்தில் வைக்கும் செய்முறைக் கேள்விகள் சில வரும். குறி போட்டுவிட்டுக் கடந்து போ. மற்றதை முடித்துவிட்டுத் திரும்பி வா. தப்புக்கு மார்க் குறைப்பதில்லை, ஒன்றையும் காலியாக விடாதே.

வீட்டிலிருந்து ஆன்லைனில் எழுதும் வசதி உண்டு. ஆனால் அறையில் வேறு ஆள் இருக்கவே கூடாது, ஆறு பேர் தங்கும் ரூமில் அது நடக்காது. சென்டருக்கே போ. பெயர் விஷயத்தில் மிகக் கவனமாக இரு. நம் ஆட்கள் இனிஷியலோடு பதிவு செய்துவிடுவார்கள், பாஸ்போர்ட்டிலோ வாப்பா பெயர் முழுதாக இருக்கும். என் ரூம் பையன் ஒருவனை இதற்காகவே வாசலில் திருப்பி அனுப்பினார்கள், கட்டிய காசும் போயிற்று. பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே எழுத்து மாறாமல் பதிவு செய். பாஸ்போர்ட் கம்பெனியிடம் இருந்தால் முன்னதாகவே கேட்டு வாங்கு. அதை அவர்கள் பிடித்து வைப்பதை அங்கே சட்டம் அனுமதிக்கவில்லை. இங்கிலீஷ் தாய்மொழி இல்லாதவர்கள் கூடுதல் நேரம் கேட்டு விண்ணப்பிக்கலாம், ஆனால் தேதி குறிப்பதற்கு முன்பே கேட்க வேண்டும். இது எனக்கு இரண்டு தடவையும் தெரியாது.

'ஒரிஜினல் கேள்வித்தாள்' என்று முந்நூறு திர்ஹாமுக்கு ஒருவன் வருவான். தொடாதே. தெரிந்தால் சான்றிதழையே ரத்து செய்வார்கள். அதைவிட, இன்டர்வியூவில் உட்கார்ந்து வாய் திறக்க முடியாமல் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன், மனசு கேட்காது.

பழகுவதற்கு, ஒரு கம்ப்யூட்டருக்குள் வேறு கம்ப்யூட்டர்களை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸை உன் லேப்டாப்பிலேயே போட்டு, அதற்குள் இரண்டு மெஷின் ஓட்டி, நெட்வொர்க்கை ஸ்கேன் செய்யும் என்மேப், அதில் போய்வருவதைக் காட்டும் வயர்ஷார்க் இரண்டையும் கற்றுக்கொள். பக்கத்து ரூம் வைஃபையிலோ ஆபீஸ் நெட்வொர்க்கிலோ ஸ்கேன் செய்து பார்க்காதே தம்பி. அமீரகத்தில் 2021இல் வந்த சைபர் குற்றச் சட்டம் மிகக் கடுமை. விளையாட்டாகச் செய்தேன் என்பதை யாரும் கேட்கமாட்டார்கள். வீட்டார் நம்பி அனுப்பிய பிள்ளை நீ.

வேலை பற்றி ஒன்று. இந்தச் சான்றிதழ் இருந்தால் உடனே வேலை என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அமெரிக்காக்காரர்கள். அங்கே ராணுவத் துறை வேலைகளுக்கு இதை ஒரு தகுதியாக ஏற்கும் விதி இருக்கிறது. வளைகுடாவில் அப்படி இல்லை. இன்டர்வியூவுக்குக் கூப்பிடுவார்கள், அவ்வளவுதான். உன் ஹெல்ப்டெஸ்க் அனுபவத்தை விட்டுவிடாமல் ஒரு வருஷம் பிடித்துக்கொள், தாக்குதல் நடக்கிறதா என்று நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் சாக் அனலிஸ்ட் வேலைக்கு இரண்டும் சேர்ந்தால்தான் கனம். சான்றிதழ் மூன்று வருஷம் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும்.

வரும் 22ஆம் தேதி திரும்புகிறேன். பெட்டியில் ஐந்து கிலோ இடம் இருக்கிறது. உன் உம்மாவிடம் சொல், கருவாடு கொடுத்துவிடுவதானால் நன்றாகக் காயவைத்து, வாசம் வெளியே வராமல் இரண்டு கவர் போட்டு 20ஆம் தேதிக்குள் கொடுக்கட்டும். நானே மரைக்காயர்பட்டினம் வந்து வாங்கிக்கொள்கிறேன். அதற்குள் உன் பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுது, சேர்ந்து உட்கார்ந்து பதிவு செய்வோம்.