டெல்டாக்காரர் முதல்முறை ஸ்னோபோர்டு கற்கப் போகிறார்: டிராக் லிஃப்டில் விழாமல் ஏறுவது எப்படி?

மன்னார்குடி சொந்த ஊர், பிப்ரவரியில் காஷ்மீரின் குல்மார்க் போகிறீர்கள், காலுக்கு ஒன்றாகக் கட்டும் ஸ்கீ வேண்டாம், ஒரே பலகையில் பக்கவாட்டில் நின்று சறுக்கும் ஸ்னோபோர்டுதான் என்று முடிவு செய்துவிட்டீர்கள். ஆனால் பார்த்த வீடியோவில் எல்லாம் புதியவர்கள் இறங்கும்போது விழுவதைவிட டிராக் லிஃப்டில் ஏறும்போதுதான் அதிகம் விழுகிறார்கள், இதற்கு ஊரிலிருந்தே ஏதாவது பழகிக்கொண்டு போக முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். நான் திருவையாறு பக்கம். வேலைக்காக ஜெர்மனியில் இருந்த காலத்தில் கருங்காட்டு மலைத்தொடரில் ஃபெல்ட்பெர்க் என்ற இடத்தில் கற்றுக்கொண்டேன். அங்கே திரும்பின பக்கமெல்லாம் டிராக் லிஃப்ட்தான். என் பதிலைச் சுருக்கமாகச் சொன்னால், லிஃப்டைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், ஒற்றைக் காலை மட்டும் பலகையில் கட்டிக்கொண்டு நேராக வழுக்கப் பழகுங்கள். அது வந்துவிட்டால் லிஃப்ட் தானாக வந்துவிடும். அது வராமல் லிஃப்ட் வரிசையில் நிற்பது நேர விரயம், பின்னால் நிற்பவர்களுக்கும் சேர்த்து.

டிராக் லிஃப்ட் என்றால் என்ன என்று தெரியாமல் இதைப் படிக்கிறவர்களுக்காக ஒரு வரி. மேலே இரும்புக் கயிறு ஓடிக்கொண்டே இருக்கும், அதிலிருந்து ஒரு தடி தொங்கும். தடியின் நுனியில் தலைகீழ் டி எழுத்து மாதிரி குறுக்குக் கட்டை இருந்தால் டி-பார், வட்டத் தட்டு இருந்தால் பட்டன் லிஃப்ட். அதைத் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டால் பனியில் வழுக்கியபடியே மேலே இழுத்துப் போகும். வேகம் பொதுவாக நொடிக்கு 2 முதல் 3 மீட்டர், அதாவது மணிக்குப் பத்து கிலோமீட்டர் அளவு. கேட்க ஒன்றுமில்லை. பக்கவாட்டில் நின்றுகொண்டு அந்த வேகத்தில் மேலே போவதுதான் சிரமம்.

ஏன் சிரமம் என்றால், இந்த லிஃப்ட் நமக்காகச் செய்யப்பட்டதே இல்லை. உலகத்தின் முதல் ஸ்கீ லிஃப்ட் 1908-இல் இதே கருங்காட்டில் ஷோலாஹ் என்ற ஊரில் வந்தது. ராபர்ட் வின்டர்ஹால்டர் என்பவர் தன் விடுதிக்கு வருகிறவர்களுக்காக அமைத்தார், அதை ஓட்டியது ஒரு நீராலை. நான் முதலில் கேட்டபோது சிரித்துவிட்டேன், தண்ணீரை வைத்து மனிதரை மேட்டுக்கு ஏற்றியிருக்கிறார்கள். பிறகு எர்ன்ஸ்ட் கான்ஸ்டாம் என்ற பொறியாளர் சுவிட்சர்லாந்தின் தாவோஸில் 1934-இல் ஒருவர் ஒருவராக இழுக்கிற லிஃப்டை அமைத்தார், கொஞ்ச நாளில் அதையே இருவருக்கான டி-பாராக மாற்றினார்கள். பிரான்சில் ழான் பொமகால்ஸ்கி பட்டன் லிஃப்டைக் கொண்டுவந்தார். நீங்கள் குல்மார்க்கில் பார்க்கப்போகும் கொண்டோலாவை, அதாவது கம்பியில் தொங்கிப் போகும் பெட்டி லிஃப்டை, கட்டியதும் அவர் பெயரில் வளர்ந்த நிறுவனம்தான். இவர்கள் காலத்தில் ஸ்னோபோர்டு கிடையாது. அதன் முன்னோடியான ஸ்னர்ஃபர் பலகையே 1965-இல்தான் வந்தது. ஆக, முகத்தை மலைப்பக்கம் வைத்து, இரண்டு கால்களையும் இணையாக வைத்து நிற்கிறவர்களுக்கான ஏற்பாடு இது. நாம் பக்கவாட்டில் நிற்கிறோம், அதுவும் ஒரு காலைக் கழற்றிவிட்டு.

அந்த ஒரு காலுக்கு வருவோம். லிஃப்டுக்குப் போகும்போது பின்காலை பைண்டிங்கிலிருந்து, அதாவது காலைப் பலகையோடு பிணைக்கும் கட்டிலிருந்து, எடுத்துவிட வேண்டும். இடது கால் முன்னே வைப்பவர் ரெகுலர், வலது கால் முன்னே வைப்பவர் கூஃபி. யாராவது எதிர்பாராமல் உங்களைப் பின்னாலிருந்து லேசாகத் தள்ளினால் எந்தக் கால் தன்னால் முன்னே போகிறதோ அதுதான் உங்கள் முன்கால் என்று ஒரு சோதனை சொல்வார்கள். பெரும்பாலும் சரியாக இருக்கும். முன்கால் மட்டும் கட்டியிருக்க, பின்காலால் பனியை உந்தி நகர்வதற்கு ஸ்கேட்டிங் என்று பெயர். பலகை உங்கள் முன்பாதத்தைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் திரும்பும், முட்டி கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும், எரிச்சலாக இருக்கும். முதல் நாள் காலை முழுவதையும் சமதளத்தில் இதற்கே கொடுங்கள். நான்கைந்து உந்தல், அப்புறம் பின்காலைத் தூக்கி இரண்டு பைண்டிங்குக்கும் நடுவில், பின் பைண்டிங்கை ஒட்டினாற்போல் வைத்து, பலகை தானாக நிற்கும்வரை வழுக்க வேண்டும். அந்த இடத்தில் சறுக்காமலிருக்க ஸ்டாம்ப் பேட் என்று ரப்பர் வில்லை ஒட்டியிருப்பார்கள். வாடகைப் பலகையில் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

சமதளத்தில் வந்த பிறகு சின்னச் சரிவில் அதே வேலை. எட்ஜ் என்கிற பலகையின் ஓர விளிம்பைப் பனியில் ஊன்றாமல், பலகையைத் தட்டையாக வைத்து, நேராக. இன்ஸ்ட்ரக்டர்கள் பலர் இதை அவசரமாக முடித்துவிட்டுத் திருப்பங்களுக்குப் போய்விடுவார்கள், ஏனென்றால் காசு கொடுத்தவர்களுக்கு அதுதான் பிடிக்கும். நீங்கள் விடாதீர்கள்.

ஊரிலேயே செய்யக்கூடியது என்று கேட்டீர்களே. எங்கள் வீட்டில் அத்தை மகனுக்கு நான் சொல்லிக்கொடுத்த முறை இது. நம் பக்கத்தில் கல்லணையிலிருந்து கடல் வரைக்கும் தேடினாலும் உருப்படியான சரிவு கிடைக்காது, ஆனால் சிமென்ட் களம் எல்லா ஊரிலும் இருக்கிறது. ஒரு பழைய ஸ்கேட்போர்டு, முழநீள மூங்கில் கழி, அதன் நடுவில் கட்டிய தாம்புக்கயிறு, பொறுமையான ஒரு ஆள், இவ்வளவு போதும். ஸ்கேட்போர்டில் பக்கவாட்டில் நில்லுங்கள். கழியை முன்தொடைக்குப் பின்னால், அதாவது முன்னே இருக்கிற காலின் தொடைக்குப் பின்னால், குறுக்காக வைத்துக்கொள்ளுங்கள், கயிறு கால்களுக்கு நடுவிலிருந்து முன்னே போகட்டும். எதிரே இருப்பவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடக்கட்டும், ஓடக் கூடாது, பைக்கில் கட்டவே கூடாது. ஹெல்மெட் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்கேட்போர்டில் கால் கட்டியிருக்காது என்பதால் ஒத்திகை முழுதாகாது. இருந்தாலும் இழுப்பு எங்கே வருகிறது, அது வரும்போது உடம்பு என்ன செய்யத் துடிக்கிறது என்பது தெரிந்துவிடும். சம்பா அறுவடை களத்துக்கு வருவதற்குள் செய்துவிடுங்கள், தை பிறந்துவிட்டால் நெல்லைக் காயப்போடுகிறவர்கள் உங்களைத் துரத்திவிடுவார்கள்.

உடம்பு செய்யத் துடிப்பது உட்காருவதைத்தான். பின்பக்கம் ஒரு கட்டை முட்டினால் உட்காரத்தானே தோன்றும்? என் வீடியோவைப் பார்த்துவிட்டுச் சித்தப்பா கேட்டார், “ஏண்டா, அதான் கட்டை இருக்கே, அதுல உக்காந்துட்டுப் போக வேண்டியதுதானே?” “உக்காந்தா கீழ போயிடும் சித்தப்பா.” “அப்புறம் எதுக்குடா கட்டை?” நியாயமான கேள்வி. டி-பாரின் தடி மேலே சுருட்டி வைத்த கயிற்றில் தொங்குகிறது, எடையைப் போட்டால் நீண்டுகொண்டே வரும், நீங்கள் பனியில் உட்கார்ந்திருப்பீர்கள். பட்டன் லிஃப்டின் தடியும் நீளக்கூடியதுதான். இரண்டுமே இழுக்கும், தாங்காது.

சேற்றில் பரம்படிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பலகை மேல் நிற்பவர் மாட்டோடு மல்லுக்கட்டுவதில்லை, முட்டியைத் தளர்த்தி அது போகிற போக்குக்கு நிற்பார். டி-பாரிலும் அப்படித்தான் நிற்க வேண்டும். ஒரு வித்தியாசம் உண்டு. பரம்பில் கயிறு பலகையில் கட்டியிருக்கும், இங்கே இழுப்பு உங்கள் முன்தொடையில் விழுகிறது. தொடையிலிருந்து அந்த இழுப்பைப் பலகைக்குக் கொண்டுபோவது உங்கள் முன்கால்தான். அதனால் எடை கொஞ்சம் முன்காலில் இருக்க வேண்டும். பயந்து பின்காலில் சாய்ந்தால் பலகையின் மூக்கு லேசாகி இஷ்டத்துக்கு அலையும். புதியவர்கள் விழுவதில் பாதி இப்படித்தான் என்பது நான் வரிசையில் நின்று பார்த்தது.

ஏறும் இடத்தில் செய்ய வேண்டியது: பலகையின் மூக்கு தடத்தின் நேருக்கு மேலே பார்த்திருக்கட்டும். பின்னால் திரும்பி வருகிற கட்டையைப் பாருங்கள், கையில் வாங்குங்கள், முன்தொடைக்குப் பின்னால் செருகுங்கள், பின்காலைப் பலகையில் வையுங்கள், முட்டியை மடக்குங்கள். சில நொடிகள் ஒன்றும் நடக்காது, அப்புறம் ஒரு வெட்டு இழுப்பு வரும். பட்டன் லிஃப்டில் இந்த வெட்டு இன்னும் கூர்மையாக இருக்கும். அதை முட்டி வாங்கிக்கொண்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது. லிஃப்ட்காரரிடம் “முதல் தடவை” என்று சொல்லிவிடுங்கள். கட்டையை எடுத்துக் கொடுப்பார், தேவைப்பட்டால் வேகத்தையும் குறைப்பார். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

போகும்போது தலை மட்டும் மேலே பார்க்கட்டும், மார்பு பக்கவாட்டிலேயே இருக்கட்டும். மார்பைத் திருப்பினால் பலகையும் கூடவே திரும்பி எட்ஜ் பிடித்துக்கொள்ளும். கீழே, பலகையைப் பார்க்காதீர்கள். தடம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும் இடத்தில் பலகை சரியப் பார்க்கும், அப்போது விரல்களையோ குதிகாலையோ மிக லேசாக அழுத்தினால் போதும். நடுவில் மேடு முடிந்து சின்ன இறக்கம் வந்தால் இழுப்பு தளர்ந்துவிடும், கட்டை நழுவும். கையால் தடியைப் பிடித்து வைத்திருங்கள், அடுத்த வெட்டு இழுப்புக்கு முட்டியைத் தயாராக வைத்திருங்கள். முன்தொடை எரியும். அது எல்லோருக்கும் எரியும், பழகினவர்களுக்குக் கொஞ்சம் குறைவாக.

விழுந்தால் கட்டையை விட்டுவிடுங்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. தொங்கிக்கொண்டே இழுபட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தோள்பட்டைதான் போகும். விட்ட கையோடு உருண்டாவது தடத்தை விட்டு வெளியே வாருங்கள், பின்னால் வருகிறவருக்கு உங்கள் மேல் ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை. தொங்குகிற நாடாக்களும் ஆபத்து. ஜாக்கெட் கயிறு, முதுகுப் பையின் வார், மஃப்ளர், நீளமான பின்னல் எல்லாவற்றையும் உள்ளே செருகிவிடுங்கள். மேலே இறங்கும்போது கட்டையில் மாட்டிக்கொள்வது இவைதான்.

இறங்குவது ஏறுவதைவிடச் சுலபம், ஆனால் யோசிக்க நேரம் இருக்காது. இடம் சமதளமானதும் தடியைக் கொஞ்சம் உங்கள் பக்கம் இழுத்தால் தொடையிலிருந்து கட்டை விடுபடும். விட்டுவிட்டு, பின்காலைப் பலகையிலேயே வைத்து நேராக வழுக்கி ஒதுங்குங்கள். கட்டையை வீசி எறிய வேண்டாம், பக்கத்தில் இருப்பவர் மூஞ்சியில் படும். அங்கே நிற்காமல் நகருங்கள், பைண்டிங் கட்டுவதெல்லாம் ஓரமாகப் போய்.

டி-பாரில் இருவராகப் போகலாம், ஆனால் முதலில் தனியாகப் போங்கள். உயரம் வேறுபட்டால் ஒருவருக்கு முட்டியிலும் ஒருவருக்கு இடுப்பிலும் கட்டை நிற்கும், ஒருவர் விழுந்தால் மற்றவரும் காலி. புருஷன் பெண்டாட்டியாகச் சேர்ந்து ஏறி, இறங்கும்போது பேசாமல் இறங்கின ஜோடிகளை ஃபெல்ட்பெர்க்கில் நிறையப் பார்க்கலாம்.

குல்மார்க் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். கீழே மைதானம் மாதிரி விரிந்திருக்கும் தொடக்கநிலைச் சரிவுகள்தான் உங்களுக்கு. அங்கே லிஃப்ட் வரிசை நீளமாக இருந்தால், அல்லது அன்றைக்கு ஓடவில்லை என்றால், பலகையைக் கையில் எடுத்துக்கொண்டு ஐம்பதடி நடந்து ஏறி இறங்குங்கள். ஒற்றைக் கால் பழக்கத்துக்கு அதுவே போதும். இடம் ஏறக்குறைய 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கடல்மட்டத்தை ஒட்டியே வாழ்ந்த நமக்கு நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்கும், முதல் நாள் மெதுவாகப் போங்கள். “டிராக் லிஃப்ட் கஷ்டம், கொண்டோலாவில் உட்கார்ந்து மேலே போய்விடலாம், அங்கிருந்து சறுக்கிக்கொண்டே வரலாம்” என்று யாராவது ஆசை காட்டினால் கேட்காதீர்கள். கொண்டோலாவின் இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலையில் 3,900 மீட்டருக்கும் மேலே கொண்டுபோய் விடும். அங்கே சீர்செய்யாத பனி, பனிச்சரிவு அபாயமுள்ள மலை. சுற்றிப் பார்க்க வேண்டுமானால் பலகையைக் கீழேயே வைத்துவிட்டு டிக்கெட் எடுத்துப் போய்விட்டு, அதே கொண்டோலாவில் திரும்பி வாருங்கள்.