தோளில் வைத்த ஒட்டு எப்போது பிடிக்கும்?

சேலத்தில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். தோள் ஜவ்வு ஆபரேஷன் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

ஏற்காட்டில் மிளகு பறிக்கும்போது ஏணியிலிருந்து விழுந்து தோள் ஜவ்வு கிழிந்தது. தொடையிலிருந்து பட்டை எடுத்து வைத்தார்கள். 7 வாரம் ஆகிறது, வலியே இல்லை. ஏணி ஏறலாமா?

வேண்டாங்க. மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டிப் பார்த்திருப்பீர்கள். அங்கே வைக்கிற குச்சி உயிரோடு இருந்துதான் பிணையும். தோளில் கதையே வேறு. எடுத்து வைத்த பட்டைக்கு ரத்த ஓட்டம் அறுந்துவிடுவதால், அதிலுள்ள செல்களில் பெரும்பாலானவை செத்துப்போகும். மிஞ்சுவது கொலாஜன் என்ற புரத நார்தான். அப்புறம் சுற்றியுள்ள சதையிலிருந்து புது ரத்தக் குழாய்களும் செல்களும் உள்ளே குடியேறி, பழைய நாரைக் கரைத்துப் புதிதாக நெய்யும். கரைவது முந்தி, நெய்வது பிந்தி. அந்த இடைவெளியில்தான் ஒட்டுக்குப் பலமே இருக்காது. நீங்கள் இப்போது ஏறக்குறைய அங்கேதான் இருக்கிறீர்கள். வீக்கம் வடிந்ததால் வலி போயிருக்கிறது, அவ்வளவுதான். தோளைப் பிடித்துக்கொண்டிருப்பது இன்னமும் தையலும், அதை எலும்பில் பிடித்து நிறுத்தும் ஆங்கர் என்கிற சின்ன முளையும்தான். சுமார் 3 மாதத்துக்குப் பிறகு பலப் பயிற்சி, கனமான வேலைக்கு 6 மாதமாவது ஆகும். இந்த வருஷ மிளகை வேறு யாராவது பறிக்கட்டும்.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வேலை. காறை எலும்பு மூட்டு விலகியதற்கு முழங்காலுக்குப் பின்னாலிருந்து நாண் எடுத்துக் கட்டினார்கள். கால் பலம் போய்விடுமா?

கொஞ்ச நாள் முழங்காலை மடக்கும் பலம் குறையும். பலருக்கு எடுத்த இடத்தில் நாண் போல ஒன்று திரும்பவும் வளர்கிறது. தோளைக் கவனியுங்கள். முழங்கையை உடம்போடு ஒட்டிவைத்துச் செய்யும் பற்றவைப்புக்கு டாக்டர் சீக்கிரம் விடக்கூடும். கம்பி இழுக்க விடமாட்டார்.

அப்பாவுக்குச் சர்க்கரை, பீடியும் விடவில்லை. ஒட்டு பிடிக்குமா?

புது ரத்தக் குழாய் முளைத்தால்தான் ஒட்டு பிழைக்கும் என்றேன். நிகோட்டின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். சர்க்கரை ஏறினால் புண்ணில் தொற்று வரலாம், தோளும் இறுகிக்கொள்ளும். பீடியைக் குறைக்கச் சொல்லாதீர்கள், நிறுத்தச் சொல்லுங்கள்.

கையைத் தொங்கவிடும் ஸ்லிங் பட்டையை எடுத்ததும் எண்ணெய் போட்டு நீவலாமா?

காயம் முழுதாக ஆறியிருந்தால் தழும்பை லேசாகத் தடவலாம். கையை இழுத்துச் சொடக்கெடுப்பது கூடவே கூடாது, நீவுகிறவர் எவ்வளவு கைராசிக்காரராக இருந்தாலும்.

2 மாதம் ஆச்சு. ஏற்காடு மலைப்பாதையில் பைக் ஓட்டலாமா?

20 கொண்டை ஊசி வளைவுங்க! பஸ்ஸில் போங்கள். ஆபரேஷன் ஆன தோள் ஜன்னல் பக்கம் இருக்கிற மாதிரி உட்காருங்கள், நிற்கிற கூட்டம் இடிக்காது.