பின்கதவு மூடவில்லை என்றால்

கேள்வி: நான் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, பேராதனையில் படித்து, இப்போது கண்டியில் வேலை செய்கிறேன். விஞ்ஞானத்தையும் தொழில்நுட்பத்தையும் அரசின் நிலைபேறான அபிவிருத்திக் கொள்கைகளோடு இணைக்கும் திட்டமொன்றுக்குத் தலைமை தாங்கும்படி கேட்டிருக்கிறார்கள். விஞ்ஞானிகள் பிறருக்குப் புரியும்படி பேசுவதில்லை. அதிகாரிகள் அறிக்கையின் முதற்பக்கத்தைத் தாண்டுவதில்லை. தொழிலாளர் வரிசைவீடான லயத்திலிருந்து வந்த என் சொல்லை இவர்கள் மதிப்பார்களா என்றும் தயக்கம். வேலை மிகுதியால் மூன்று மாதமாக ஊருக்கும் போகவில்லை. தோட்டத்தில் முப்பது வருடம் மழைநீர் வடியும் கான் வெட்டிய அப்பா போன் எடுத்து, லயத்துக் காம்பராவின் பின்கதவு மூடுவதில்லை, ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீர் கலங்கி வருகிறது என்று ஏதேதோ சொல்கிறார். தோட்ட முகாமையாளர் துரையிடம் சொல்லச் சொன்னேன். இந்தப் பொறுப்பை நான் ஏற்கலாமா?
– பெயர் வேண்டாம், கண்டி

பதில்: மகள், உங்கள் கடிதத்தில் முக்கால்வாசியை நான் ஏற்கெனவே படித்திருக்கிறேன். எழுதியவர்கள்தான் வேறு. வங்கி முகாமையாளராகப் போகிறவர், தாதி, சட்டத்தரணி என்று எத்தனையோ பேர், 'லயத்தில் பிறந்த என்னை மதிப்பார்களா' என்று கேட்டிருக்கிறார்கள். சிலர் மதிப்பார்கள், சிலர் மதிக்கமாட்டார்கள். அதற்கு என்னிடம் மருந்தில்லை.

நான் நின்றுபோனது ஒரு சொல்லில். 'ஏதேதோ சொல்கிறார்.'

ஏதேதோவா? மலைச்சரிவில் மண் மெல்ல நகர்ந்தால் முதலில் கதவுநிலைதான் கோணும். நேற்றுவரை மூடிய கதவு இன்று இடிக்கும். சுவர் வெடிக்கும், மரம் சாயும், தெளிந்து ஓடிய ஊற்று திடீரென்று கலங்கும். மண்சரிவுக்கு முன்பு கவனிக்க வேண்டியவை என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மக்களுக்குச் சொல்லிவரும் அடையாளங்கள் இவை. உங்கள் அப்பா அவற்றில் இரண்டை ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறார். சொன்னது யார்? மழைத்தண்ணீர் எந்த மலையில் எந்தப் பக்கம் இறங்கும் என்று பார்த்துப் பார்த்து முப்பது வருடம் கான் வெட்டிய மனிதர். அந்தச் சரிவைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் பாதி உங்கள் கண்டி அலுவலகத்தில் யாருக்குத் தெரியும்?

இதையே ஒரு புவியியலாளர் வரைபடமாக அனுப்பியிருந்தால் கூட்டம் கூட்டியிருப்பீர்கள். அப்பாவின் வாயால் வந்ததால் 'ஏதேதோ' ஆகிவிட்டது. அதிகாரிகள் முதற்பக்கத்தைத் தாண்டுவதில்லை என்று குறை சொல்கிற நீங்கள், அப்பாவை முதல் வாக்கியத்துக்கு மேல் பேசவிட்டீர்களா? 'துரையிடம் சொல்லுங்கள்' என்றது, கோப்பை அடுத்த மேசைக்குத் தள்ளும் அதே கைதானே? கோபம் வந்தால் வரட்டும். பெற்றவர்கள் பேசினால் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று நம்புகிறவள் நான். பழைய பஞ்சாங்கம் என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

மீரியபெத்தையை நீங்கள் மறந்திருக்க முடியாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தைக்குப் பக்கத்தில், லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். விஞ்ஞானம் தன் வேலையைச் செய்திருந்தது. சனங்கள் மட்டும் அதே லயத்தில்தான் இருந்தார்கள். போ என்றால் எங்கே போவது? நிலம் அரசாங்கத்தினது, 1992க்குப் பிறகு நிர்வாகம் கம்பனிகளிடம், காம்பராவோ தோட்டத்தினது. பிரதேச சபை தோட்டத்துக்குள் ஒரு பாதை போடுவதற்குக்கூட 1987ஆம் ஆண்டுச் சட்டம் முட்டுக்கட்டையாக இருந்தது; 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். எச்சரிக்கைக் கடிதம் போய்ச்சேர இத்தனை வாசல்கள். எந்த வாசலில் அது நின்றுபோகிறது என்று கண்டுபிடிப்பதுதான், மகள், உங்களை அழைத்திருக்கிற வேலை. அதைத் துரையிடம் சொல்லச் சொல்லிவிட்டீர்கள்.

விஞ்ஞானிகளும் அதிகாரிகளும் ஒட்டமாட்டார்கள் என்கிறீர்கள். இந்த மலை சரியுமா என்று விஞ்ஞானியைக் கேட்டால், 'இவ்வளவு மழை பெய்தால் வாய்ப்பு அதிகம்' என்பார். 'எத்தனையாம் திகதி?' என்பார் அதிகாரி. இருவர் மீதும் தப்பில்லை. இந்த இழுபறிக்கு நம் மலைநாட்டிலேயே ஒரு வழி கண்டிருக்கிறார்கள். 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இரு, 100ஐத் தாண்டினால் ஆயத்தமாகு, 150ஐத் தாண்டினால் வெளியேறு. மூன்றே மூன்று எண்கள். மழை கொட்டும்போது வாதாடிக்கொண்டிருக்க முடியாது என்பதால் வெயிற்காலத்திலேயே பேசி முடித்துவைத்த உடன்பாடு அது. இப்படி இன்னும் நாலைந்து உடன்பாடுகளை உங்கள் காலத்தில் செய்துவைத்தால் போதும், அறிக்கைகள் எப்படியும் போகட்டும். முன்கூட்டிப் பேசாவிட்டால் என்ன நடக்கும் என்பதை 2021இல் பார்த்தோம். இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் பின்வாங்கினார்கள். 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் தலவாக்கலையில் இருக்கிற நாடு இது. கேட்பதற்கு ஆளில்லாமலா போயிற்று?

ஆனால் அந்த மூன்று எண்களும் நடுச்சாமம் இரண்டு மணிக்கு உங்கள் லயத்துக் கோடிக் காம்பராவுக்கு வந்துசேருமா? எந்த மொழியில் வரும்? மலையில் ஒரு பள்ளத்தாக்கில் கொட்டும் மழை அடுத்ததில் தூறலாக இருக்கும். வேறெங்கோ அளந்த கணக்கு உங்கள் சரிவுக்குப் பொருந்துமா? தோட்டங்களில் மழையை அளந்து எழுதிவைக்கும் பழக்கம் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே உண்டு. கொழுந்துக்காக அளந்த மழை அது. லயத்துச் சனத்துக்கு அந்தக் கணக்கைச் சொல்ல வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. உங்கள் முதல் கூட்டத்தில் நிலைபேறு, இலக்கு என்றெல்லாம் பேசவேண்டாம். உங்கள் அப்பாவின் பின்கதவின் படத்தைச் சுவரில் காட்டி, இந்தச் செய்தி எந்த மேசைக்குப் போகவேண்டும், எத்தனை நாளில், யார் பதில் சொல்வது என்று கேளுங்கள். பிறந்த இடத்தை ஒளிக்கிற தயக்கம் அப்போது உங்களை விட்டுப் போகலாம், போகாமலும் இருக்கலாம். கூட்டம் நடக்கும்.

பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். அதற்கு முன்பு ஊருக்குப் போங்கள். இந்தப் பதில் அச்சாகும்வரை பொறுக்கமாட்டாமல் உங்கள் கடிதத்திலிருந்த இலக்கத்துக்குப் போன் எடுத்தேன். கூட்டத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். நல்லது. கூட்டம் முடிந்ததும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் நுவரெலியா மாவட்ட அலுவலகத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். கிராம சேவகருக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் பிரதி போகட்டும். இரவில் அவசரமென்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இருக்கிறது. அந்த இலக்கத்தைத் தமிழில் பெரிதாக எழுதி லயத்துச் சுவரில் ஒட்டுங்கள். பக்கத்துக் காம்பராக்களின் கதவுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து மூடிப் பாருங்கள். அப்பாவோடு பீலி வரைக்கும் நடந்து போங்கள். அவர் பேசட்டும், நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

யாராவது வந்து சரிவைப் பார்த்துச் சொல்லும்வரை அவரையும் அம்மாவையும் கண்டிக்கு அழைத்துவந்து வைத்துக்கொள்ளுங்கள். வரமாட்டார். கோழிகளை யார் பார்ப்பது என்பார். கோழிகளையும் ஏற்றிக்கொண்டு வாருங்கள்.