டிராஃப்டரைத் தூக்கிப் போடாதே, தம்பி
வாசகர் கேள்வி–பதில்: பொறியியல் முதலாம் ஆண்டு

இந்த முறை வந்த கடிதங்கள் எல்லாமே அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் 2021 ரெகுலேஷன்படி (2021ஆம் ஆண்டின் பாடத்திட்ட விதிகள்படி) படிப்பவர்களுடையவை. அதை வைத்தே பதில் எழுதுகிறேன். தன்னாட்சிக் கல்லூரிகளிலும் வேறு ரெகுலேஷனிலும் தாள்களின் பெயரும் மார்க் கணக்கும் வேறாக இருக்கும். பாடம் பெரிதாக மாறாது. நான் நடத்தியது இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ், அதாவது பொறியியல் வரைபடம். அதனால் முதல் கேள்விக்குப் பதில் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மேடம், நான் கம்ப்யூட்டர் சயின்ஸ். இரண்டாவது செமஸ்டரில் இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் இருக்கிறது. படம் வரையும் கருவியான டிராஃப்டரைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போவதே கஷ்டம். எங்கள் சீனியர்கள், "இது மெக்கானிக்கல்காரனுக்கு உரியது, பத்து படத்தை மனப்பாடம் பண்ணிப் பாஸ் ஆகிவிடு" என்கிறார்கள். எனக்கு ப்ரொஜெக்‌ஷன் ஆஃப் லைன்ஸ் (கோடுகளின் உருவத்தைத் தளங்களில் வரையும் பாடம்) வந்ததிலிருந்து ஒன்றுமே கண்ணுக்குத் தெரியவில்லை. என்ன செய்வது?
– மாணவர், திண்டுக்கல்

பதில்: தம்பி, டிராஃப்டரைத் தூக்கிப் போடாதே. மனப்பாடமும் பண்ணாதே. கேள்வியில் ஒரு கோணத்தை மாற்றிக் கொடுத்தால் மனப்பாடம் அங்கேயே நின்றுவிடும். இந்தத் தாளில் 20 மார்க் வீதம் ஐந்து கேள்விகள். ஒன்று சறுக்கினாலும் பெரிய அடி.

"கண்ணுக்குத் தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறாய். இந்தப் பாடத்தின் கஷ்டம் முழுவதும் அதுதான். அதற்கு வழி இருக்கிறது. ஒரு பழைய அட்டையை நடுவில் மடித்து எல் வடிவத்தில் மேஜையில் நிறுத்து. சுவர் மாதிரி நிற்கும் பக்கம் வி.பி. (வெர்டிகல் பிளேன்), தரை மாதிரி படுத்திருக்கும் பக்கம் எச்.பி. (ஹரிசாண்டல் பிளேன்), மடிப்புதான் எக்ஸ்-ஒய் கோடு. அதற்கு முன்னால் ஒரு தீப்பெட்டியை வை. நேர் எதிரே இருந்து பார்த்துத் தெரிகிற உருவத்தைச் சுவரில் வரை. அது ஃப்ரண்ட் வியூ. தலைக்கு மேலிருந்து பார்த்துத் தரையில் வரை. அது டாப் வியூ. இப்போது தீப்பெட்டியை எடுத்துவிட்டு, தரைப்பக்கத்தைக் கீழே மடித்து அட்டையை ஒரே தளமாக விரி. ஃப்ரண்ட் வியூ கோட்டுக்கு மேலே, டாப் வியூ கோட்டுக்குக் கீழே வந்திருக்கும். இப்படி வரையும் ஃபர்ஸ்ட் ஆங்கிள் ப்ரொஜெக்‌ஷனில் டாப் வியூ ஏன் கீழே வருகிறது என்று ஒரு மாணவன் கேட்டால், நான் கரும்பலகைப் பக்கம் திரும்புவதே இல்லை, அட்டையைத்தான் எடுப்பேன்.

சரி, உன்னை நிறுத்திவைத்திருக்கும் கோட்டுக்கு வருவோம். 80 மில்லிமீட்டர் கோடு, எச்.பி.க்கு 30 டிகிரி சாய்வு, வி.பி.க்கும் ஒரு சாய்வு என்று கேள்வி வரும். ஒரு பென்சிலை எடுத்து அதன் அடியை அட்டைத் தரையில் ஊன்று. முதலில் சுவருக்கு இணையாக வைத்து, தரைக்கு 30 டிகிரி சாய். இப்போது சுவரில் விழும் உருவம் முழு நீளம், 80. நுனி தரையிலிருந்து 40 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும். தரையில் விழும் நீளம் ஏறக்குறைய 69. அடுத்து, அந்த 30 டிகிரியை மாற்றாமல் பென்சிலை மெதுவாகச் சுழற்று. என்ன மாறவில்லை என்று கவனி. நுனியின் உயரம் மாறவில்லை. தரையில் விழும் நீளமும் மாறவில்லை, திசைதான் மாறியது. ஆசிரியர் போர்டில் 40 உயரத்தில் நீளமாக ஒரு படுக்கைக் கோடு இழுப்பாரே, அது இந்த மாறாத உயரம். காம்பஸ் வைத்து 69 ஆரத்தில் ஒரு வில் போடுவாரே, அது இந்த மாறாத நீளம். வி.பி. சாய்வுக்கும் இதையே தலைகீழாகச் செய்கிறோம். பென்சிலை உன் கையால் சுழற்றிப் பார்த்துவிட்டால் அந்த இரண்டு கோடும் எங்கிருந்து வருகின்றன என்று இனி யாரும் உனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஸாலிட்ஸ் (கன உருவங்கள்) வரும்போதும் இப்படித்தான். அறுகோணப் ப்ரிஸம் (பட்டகம்) அடிப்பக்கத்தின் ஒரு எட்ஜ் (விளிம்பு) மேல் நின்று அச்சு சாய்ந்திருக்கிறது என்றால், முதலில் சாய்க்காதே. நேராக நிற்கவைத்து டாப் வியூவில் அறுகோணத்தை வரை, எட்ஜ் எக்ஸ்-ஒய் கோட்டுக்குச் செங்குத்தாக இருக்கட்டும். அப்புறம் ஃப்ரண்ட் வியூவைச் சாய்த்து வைத்து, புதிய டாப் வியூவை இறக்கு. எந்த மூலை எங்கே போகிறது என்பதற்கு எண் போட்டுக்கொள். எண் போடாமல் வரைகிறவர்கள்தான் மறைகோட்டில் (பின்னால் மறைந்திருக்கும் விளிம்பின் கோட்டில்) தடுமாறுகிறார்கள். கட்டுமானக் கோடுகளை 2 எச் பென்சிலில் மெல்லிசாக இழு, கடைசிவரை அழிக்காதே. திருத்துகிறவர் உன் வழியைப் பார்ப்பது அந்தக் கோடுகளில்தான்.

இந்த முறை பிறந்த கதையும் உனக்குத் தெரிய வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் மெஸியேர் என்ற ஊரில் ராணுவப் பொறியியல் பள்ளி ஒன்று இருந்தது. அங்கே படம் வரையும் வேலையில் இருந்த காஸ்பார் மோஞ்ச் என்ற இளைஞரிடம், எதிரியின் குண்டு படாதபடி ஒரு கோட்டையைத் திட்டமிடும் கணக்கைக் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் அது நாள்கணக்கில் எண்களைப் போட்டுத் தீர்க்கும் வேலை. அவர் வரைந்தே சீக்கிரம் முடித்துக் கொண்டுவந்தார். இவ்வளவு விரைவில் முடிக்க முடியாது என்று மேலதிகாரி முதலில் பார்க்கக்கூட மறுத்துவிட்டாராம். பிறகு அதன் அருமை தெரிந்து, ராணுவ ரகசியமாகவே வைத்திருந்தார்கள். 1795இல்தான் மோஞ்ச் அதைப் பாரிஸில் வெளிப்படையாகப் பாடம் நடத்தினார். ஒரு நாடு பூட்டி வைத்திருந்த அறிவு இன்று உன் டிராயிங் ஷீட்டில் இருக்கிறது.

கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு எதற்கு என்கிறாயா? நீ விளையாடும் முப்பரிமாண கேமில் ஒவ்வொரு புள்ளியும் தட்டையான திரையில் எங்கே விழ வேண்டும் என்று கணினி கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கு மேட்ரிக்ஸ் (அணி) பெருக்கல். முதல் செமஸ்டரில் மேட்ரிசஸ், இரண்டாவதில் ப்ரொஜெக்‌ஷன். இரண்டும் சேருமிடம் உன் துறையில்தான் இருக்கிறது. உன் சீனியர்கள் இதை யோசித்துப் பார்க்கவில்லை.

கேள்வி: நான் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். கணக்கில் எப்போதும் நல்ல மார்க். இங்கே மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ் வகுப்பில் உட்கார்ந்தால் வேறு உலகம் மாதிரி இருக்கிறது. பக்கத்தில் இருப்பவர்கள் தலையாட்டுகிறார்கள், எனக்கு அழுகை வருகிறது.
– மாணவி, அரியலூர்

பதில்: அழாதே கண்ணு. உன் பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தை ஊரில் விட்டுவிட்டு வந்திருப்பாய். இந்த வாரம் ஊருக்குப் போகும்போது எடுத்துக்கொண்டு வா. முதல் பாடமே அணிகளும் அணிக்கோவைகளும். பகுதி வகைக்கெழு என்று ஒரு பாடம் இருக்கும். அதில் சமபடித்தான சார்புகளுக்கான ஆய்லர் தேற்றம் வரும். உன் கல்லூரித் தாளின் மூன்றாம் யூனிட்டில் அதே ஆய்லர் தேற்றம் ஆங்கிலத்தில் உட்கார்ந்திருக்கிறது. நீ ஏற்கெனவே போட்ட கணக்கு அது. தலையாட்டுகிறவர்களில் பலருக்கு அதுகூடத் தெரியாது.

புதிதாக வருவதில் முதலில் ஐகன் வேல்யூ, அதாவது ஒரு மேட்ரிக்ஸுக்கே உரிய சிறப்பு எண்களைப் பிடி. சின்ன மேட்ரிக்ஸ் ஒன்று எடு: முதல் வரிசை 2, 1, இரண்டாம் வரிசை 1, 2. இதன் ஐகன் வேல்யூக்கள் 3, 1. கூட்டினால் 4, மூலைவிட்டத்தில் இருக்கும் 2, 2ஐக் கூட்டினாலும் 4. பெருக்கினால் 3, அணிக்கோவை மதிப்பும் 3. எந்தச் சதுர மேட்ரிக்ஸுக்கும் இந்த இரண்டும் பொருந்தும். மூன்றுக்கு மூன்று கணக்கில் விடை வந்ததும் அரை நிமிடத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம். அடுத்து இதே மேட்ரிக்ஸை அதனாலேயே பெருக்கி, அதன் நான்கு மடங்கைக் கழித்து, யூனிட் மேட்ரிக்ஸின் மூன்று மடங்கைக் கூட்டு (அந்த நான்கும் மூன்றும் மேலே வந்த கூட்டலும் பெருக்கலும்தான்). எல்லா இடத்திலும் பூஜ்யம் வரும். கேய்லி-ஹாமில்டன் தேற்றம் இதைத்தான் சொல்கிறது. பெரிய பெயர்களைக் கண்டு பயப்படுகிறவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் வேலை இந்தச் சின்னக் கணக்குதான்.

வகுப்பில் நோட்டின் ஓரத்தில் தமிழில் குறிப்பு எழுதிக்கொள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மறுநாள் நடத்தப்போகும் பக்கத்தை முந்தின இரவே ஒருமுறை பார்த்துவிட்டுப் போ. அரைகுறையாகப் புரிந்தால் போதும், காதில் விழும் சொல் பழகியதாகிவிடும். புரியாத இடத்தில் கையைத் தூக்கித் தமிழிலேயே கேள். தமிழில் கேட்ட கேள்வியைத் தட்டிக்கழிக்கும் ஆசிரியரிடம் எனக்கு மரியாதை இல்லை.

முதல் செமஸ்டரில் 'தமிழர் மரபு', இரண்டாவதில் 'தமிழரும் தொழில்நுட்பமும்' என்று ஒரு கிரெடிட் தாள்கள் வருகின்றன. பலர் அவற்றை ஒப்புக்குப் படிக்கிறார்கள். நீ அப்படிச் செய்யாதே. அணை, ஏரி, மதகு, சோழர் காலக் குமிழித் தூம்பு (ஏரி நீரைத் திறந்துவிடும் அமைப்பு) எல்லாம் பாடத்தில் இருக்கின்றன. அரியலூர்க்காரிக்குக் கங்கைகொண்ட சோழபுரமும் அதன் பெரிய ஏரியும் பக்கம்தானே? ஒரு விடுமுறையில் போய்ப் பார்த்துவிட்டு வந்து படி.

கேள்வி: என் மகளுக்கு முதல் செமஸ்டரில் மேத்ஸ், பிசிக்ஸ் இரண்டிலும் அரியர். ஒன்றில் இன்டர்னல் 32, தேர்வு மார்க்கைச் சேர்த்தால் 50ஐத் தாண்டுகிறது, ஆனாலும் பெயில் என்கிறார்கள். சொந்தக்காரர்கள் ஆர்ட்ஸ் கல்லூரிக்கு மாற்றிவிடச் சொல்கிறார்கள்.
– தந்தை, தாராபுரம்

பதில்: ஐயா, முதலில் கணக்கைத் தெளிவாக்கிவிடுகிறேன். இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. தேர்வை 100 மார்க்குக்கு எழுதி 60ஆகச் சுருக்குகிறார்கள். பாஸாக இரண்டு நிபந்தனை உண்டு. மொத்தத்தில் 50 வேண்டும். அது தவிர, தேர்வில் மட்டும் 100க்கு 45 வாங்க வேண்டும். உங்கள் மகள் தேர்வில் 40 வாங்கியிருந்தால் அது 24 ஆகும். 32ஓடு சேர்ந்து 56. மொத்தம் சரி, ஆனால் 45 இல்லை, அதனால் அரியர். இன்டர்னல் நன்றாக இருப்பவள் தேர்வில் இன்னும் ஐந்து மார்க் எடுத்திருந்தால் தாண்டியிருப்பாள். இன்டர்னல் 20தான் என்றால் கதை வேறு, அப்போது தேர்வில் 50 வேண்டும்.

ஆகவே கல்லூரி மாற்றும் பேச்சை இப்போது எடுக்காதீர்கள். விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் தாண்டாவிட்டால் வாங்கிப் பாருங்கள். மறுமதிப்பீட்டில் மார்க் கூடினாலும் கூடாவிட்டாலும், எந்த இடத்தில் மார்க் போகிறது என்று மகளுக்கே தெரியும். மேத்ஸில் இரண்டு மார்க் கேள்விகள் பத்து, 16 மார்க் கேள்விகள் ஐந்து, யூனிட்டுக்கு ஒன்று. முதல் ஆண்டில் பிள்ளைகள் பெரும்பாலும் கடைசி இரண்டு யூனிட்டை, அதாவது தொகையீட்டையும் மல்டிபிள் இன்டக்ரலையும், தொடாமலே தேர்வுக்குப் போகிறார்கள். செமஸ்டர் முடியும் அவசரத்தில் அவை வேகமாக ஓடிவிடுகின்றன. அங்கே கொஞ்சம் உட்காரச் சொல்லுங்கள். அடுத்த தேர்விலேயே இரண்டையும் எழுதி முடிக்கட்டும். தள்ளிப்போட்டால் மூன்றாம் செமஸ்டர் தாள்களோடு சேர்ந்து பாரமாகிவிடும்.

சொந்தக்காரர்கள் முன்னால் அவள் மார்க்கைப் பேசாதீர்கள் ஐயா. இதை ஆசிரியையாக மட்டும் சொல்லவில்லை. வீட்டில் ஒரு சொல் பட்டு, அதற்குப் பிறகு புத்தகத்தைத் திறக்கவே பயந்த நல்ல பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: சிவில் படிக்கும் எனக்குப் பைத்தான் புரோகிராமிங் எதற்கு?
– மாணவர், விருதுநகர்

பதில்: லேப் மேனுவலின் முதல் பயிற்சியைத் திற. மின்கட்டணக் கணக்கோடு, இரும்புக் கம்பியின் எடை காணும் கணக்கும் ஃப்ளோ சார்ட் போடக் கொடுத்திருப்பார்கள். விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, வர்க்கப்படுத்தி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பி எத்தனை கிலோ என்று வந்துவிடும். 12 மில்லிமீட்டர் கம்பிக்கு 0.89 கிலோ. நாளைக்கு நீ சைட்டில் தினமும் போடப்போகும் கணக்கு இது. அந்த 162 எங்கிருந்து வந்தது என்று பார். கம்பியின் எஃகுக்கு அடர்த்தி கனமீட்டருக்கு 7850 கிலோ, வட்டத்தின் பரப்புக்கு விட்டத்தின் வர்க்கத்தை π/4ஆல் பெருக்க வேண்டும். இரண்டையும் வைத்து நீயே கொண்டுவந்துவிடலாம். அதன் பிறகு, ஐந்து வகைக் கம்பியின் நீளங்களைக் கொடுத்தால் மொத்த எடை சொல்லும் புரோகிராம் ஒன்றை எழுது. முதலில் தாளில் எழுது, ஒவ்வொரு வரியிலும் மாறியின் மதிப்பு என்ன ஆகிறது என்று பக்கத்தில் குறித்துக்கொண்டே வா. அப்புறம் கணினியில் அடி.

கேள்வி: வொர்க்‌ஷாப் லேபுக்கு ஷூ கட்டாயமா? வெல்டிங்கை நினைத்தாலே பயமாக இருக்கிறது. பெண்கள் பார்த்துக்கொண்டு மட்டும் நிற்கலாமா?
– மாணவி, கடலூர்

பதில்: ஷூ கட்டாயம், தோல் ஷூவாக இருக்கட்டும். கூந்தலைக் கட்டிக்கொள். நைலான், பாலியெஸ்டர் துணி வேண்டாம், பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிவிடும். பருத்தி உடையும் அதன்மேல் லேப் கோட்டும் போட்டுக்கொள். முகக்கவசக் கண்ணாடி இல்லாமல் வெல்டிங்கில் எழும் வில்லொளியைப் பார்க்காதே, பக்கத்து மேஜையில் நடப்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பார்த்துக்கொண்டு மட்டும் நிற்கக் கூடாது. வெல்டிங் குச்சியான எலெக்ட்ரோடு ஒட்டிக்கொண்டால் பதறாமல் ஹோல்டரைப் பக்கவாட்டில் அசைத்து எடு. முதல் பட் ஜாயின்ட் (இரண்டு துண்டுகளை விளிம்போடு விளிம்பு சேர்ப்பது) கோணலாக வந்தால், இன்னொரு துண்டு கேட்டு வாங்கி மறுபடி போடு.