நிக்கல் ஒவ்வாமை: தோட்டைக் கழற்றியும் அரிப்பு நிற்கவில்லையே, ஏன்?

நிக்கல் என்ற உலோகம் தோலில் படுவதால் வரும் இந்த அரிப்புக்குத் தோடு மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. தொப்புளுக்குக் கீழே விடாமல் அரிக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஜீன்ஸ் பொத்தானின் உட்புறத்தைப் பாருங்கள். பூச்சு தேய்ந்து உலோகம் தோலில் படுகிறதா? பெல்ட் கொக்கி, கைக்கடிகாரத்தின் பின்மூடி, மூக்குக்கண்ணாடிச் சட்டம் ஆகியவற்றையும் சோதியுங்கள்.

வியர்வை உலோகத்திலிருந்து நிக்கலைக் கரைத்துத் தோலுக்குள் செலுத்துகிறது. தடிப்பு உடனே எழுவதில்லை. பெரும்பாலும் ஓரிரு நாள் கழித்தே தெரியும். பாவம், பழி சோப்பின் மேல் விழுகிறது! தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் (ஒவ்வாமை தரும் பொருளைப் பட்டையில் வைத்துத் தோலில் ஒட்டிப் பார்க்கும் சோதனை) செய்துகொண்டால் சந்தேகம் தீரும். முதுகில் ஒட்டும் பட்டையை 48 மணி நேரம் கழித்து எடுத்து, பிறகும் ஓரிரு நாளில் மீண்டும் பார்ப்பார்கள்.

பொருள்களைச் சோதிக்க டைமெத்தில்கிளையாக்சைம் திரவம் கிடைக்கிறது. பஞ்சு நுனியில் நனைத்து உலோகத்தில் தேய்க்கும்போது பஞ்சு இளஞ்சிவப்பானால் நிக்கல் கசிகிறது என்று பொருள்.

கசிவுதான் முக்கியம். நல்ல துருப்பிடிக்காத எஃகில் நிக்கல் இருந்தாலும் மிகக் குறைவாகவே வெளிவரும். அதனால் கரண்டியைத் தொட அஞ்ச வேண்டாம். நிக்கல் கலந்திருக்கக்கூடிய வெள்ளைத் தங்கத்தில்தான் எச்சரிக்கை தேவை. காதுக்கு டைட்டானியம் நல்லது. பொத்தானில் நகப்பூச்சு தடவலாம், ஆனால் அது சீக்கிரம் உரிந்துவிடும். உள்ளே துணி வைத்துத் தைப்பதையே நான் பரிந்துரைப்பேன்.

இந்த ஒவ்வாமை பொதுவாக வாழ்நாள் முழுக்க இருக்கும். நிக்கல் உள்ள உணவுகளைத் தவிர்க்கும் கட்டுப்பாட்டை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள்; பெரும்பாலோருக்கு அது தேவைப்படுவதே இல்லை.