குடல் அடைப்புக்கு ட்ராமா சர்ஜனா?

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கும் என் தங்கைக்கு நள்ளிரவில் குடல் அடைப்புக்கான அவசர அறுவை சிகிச்சை நடந்தது. செய்தவர் ‘ட்ராமா சர்ஜன்’ என்கிறார்கள். விபத்துக் காயங்களைப் பார்ப்பவருக்குக் குடல் அறுவையில் தேர்ச்சி இருக்குமா?
– வாசகி, திருச்சி

பதில்: இருக்கும். அங்கே பொது அறுவையில் குறைந்தது 5 ஆண்டுப் பயிற்சியை முடித்த பிறகே ஒருவர் தீவிர சிகிச்சையிலும் விபத்துக் காயத்திலும் மேற்பயிற்சி பெறுகிறார். குடல், பித்தப்பை, குடல்வால் அறுவைகள் அந்த அடிப்படைப் பயிற்சியிலேயே அடங்கியவை.

ஆனாலும் உங்கள் ஐயம் அந்த மருத்துவர்களுக்கே இருந்ததுதான். விபத்தில் மண்ணீரலோ கல்லீரலோ கிழிந்தால் ஒரு காலத்தில் உடனே வயிற்றைத் திறந்தார்கள். சி.டி. ஸ்கேனில் கிழிசலின் அளவைக் காண முடிந்த பின், ரத்த அழுத்தம் நிலையாக உள்ளவர்களில் பெரும்பாலோரைக் கத்தி வைக்காமல் கண்காணித்தே குணப்படுத்துகிறார்கள். நோயாளிக்கு இது நன்மை. அறுவை மருத்துவருக்கோ கைப்பழக்கம் குறைந்தது. அதனால் 2000-களின் தொடக்கத்திலிருந்து விபத்துக் காயம், அவசரப் பொது அறுவை, தீவிர சிகிச்சை மூன்றையும் இணைத்து ‘அக்யூட் கேர் சர்ஜரி’ என்ற துறையை வளர்த்தார்கள். உங்கள் தங்கைக்கு வந்தது போன்ற அடைப்புகள்தான் இன்று அவர்களுடைய அன்றாட வேலை.

காயங்களில் கற்ற ஒரு முறை குடல் நோய்க்கும் பயன்படுகிறது. பிலடெல்பியாவில் ரொட்டண்டோ, ஷ்வாப் என்ற அறுவை மருத்துவர்களும் குழுவினரும் 1993-இல் ‘டேமேஜ் கண்ட்ரோல்’ என்று பெயரிட்ட அந்த முறையில், உயிருக்கு உடனடி ஆபத்தானதை மட்டும் சரிசெய்து, வயிற்றைத் தற்காலிகமாக மூடி, ஐ.சி.யூ.வில் உடல் தேறிய பின் மீதியை முடிக்கிறார்கள். குடல் அழுகி, ரத்த அழுத்தம் சரிந்த நோயாளிக்கு அது உயிர்காக்கும் வழியாகலாம். தேவையற்றவருக்குச் செய்தால் சிக்கல்களைத்தான் கூட்டும். அதைப் பிரித்தறிவதே, என் கருத்தில், பெரிய திறமை.

விளைவைப் பொறுத்தவரை, இத்தகைய குழுக்கள் வந்த பின் குடல்வால், பித்தப்பை நோயாளிகள் காத்திருக்கும் நேரம் குறைந்ததாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. இறப்பு விகிதத்தில் அத்தனை சீரான வேறுபாடு தெரியவில்லை. அதை நோயாளியின் வயதும் பிற நோய்களும் வந்து சேர்ந்த நேரமும் பெரிதும் தீர்மானிக்கின்றன.

குடலின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்களா, ஒட்டுகளை (குடலை ஒட்டவைக்கும் தழும்புத் திசுக்களை) மட்டும் பிரித்தார்களா என்பது டிஸ்சார்ஜ் சம்மரியில் உள்ளதா என்று தங்கையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒட்டுகளால் வந்த அடைப்பு திரும்பவும் வரக்கூடும், அப்போது பார்க்கும் மருத்துவருக்கு அந்த விவரம் வேண்டும்.